சாரலில் அடித்த பச்சை

நான் எழுதலாமா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவும் வராது. குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கேகூட நிறுத்துக் கட்டுவதோடு சரி, வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் பக்கத்தில் நிற்கிற பெண்தான். இப்படிப்பட்டவள் பேனாவை எடுத்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்பது பேச்சு. ஒருவர் வீடு வைத்திருப்பவர், மற்றவர் வாடகைக்கு இருப்பவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், இலஞ்சிப் பக்கம் இருக்கிறது நாங்கள் குடியிருக்கும் வீடு. முன்பக்கம் வீட்டுக்காரர்கள், பின்பக்கம் நாங்கள். நடுவில் ஒரே சுவர். எங்கள் பக்கம் மலையைப் பார்த்து இருக்கும். சாரல் காற்று நேராக வந்து எங்கள் மேற்குச் சுவரில்தான் அடிக்கும். நாங்கள் நனைவதால் முன்வீடு காய்ந்திருக்கும்.

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் தீக்குச்சி பற்றாது. உப்பு தண்ணீராகிவிடும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்போம். அப்படியும் உள்ளே இருக்கிற புடவையில் பூசண வாடை வரும். சீசனுக்கு வருகிறவர்கள் சாரல் நன்றாக இருக்கிறது என்று கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். நான் அவர்களுக்குச் சிப்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து சுவரைத் துடைப்பேன்.

வருஷாவருஷம் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கார அண்ணாச்சியே ஆள் வைத்து இரண்டு வீட்டுக்கும் அடித்துக் கொடுத்துவிடுவார். வெளிர் மஞ்சள். என்றைக்கும் அதுதான். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒருமுறை அவளை விட்டுக் கேட்கச் சொன்னேன், அடுக்களைக்கு மட்டும் பச்சை அடிக்கலாமா என்று. அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்து வாரவங்களுக்குப் பிடிக்கணும்லா பிள்ளே" என்றாராம். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. அடுத்து வரப்போகிறவர்களுக்குப் பிடிக்கிற நிறத்திலேயே எங்கள் காலம் ஓடியது. மகள் படித்து, கல்யாணமாகி, அச்சன்புதூருக்குப் போனாள். அடுத்தவர்கள் வரவேயில்லை.

அண்ணாச்சி ஒரு ஆவணியில் இறந்தார். முன்வீட்டு உள் அறையில், படுத்திருந்த கட்டிலிலேயே. துக்கம் விழுந்த வீட்டில் தலைத்திவசம் முடியும்வரை பொங்கல் கிடையாது, வெள்ளையடிப்பும் கிடையாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பின்வீட்டில் இருக்கிற எங்களுக்கும் அது உண்டா என்று யாரும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தத் தை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பால் பொங்கவைத்து இறக்கினேன். சுவர் அப்படியே கிடந்தது.

அடுத்த ஆனியில்தான் வினை வந்தது. மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பு நடத்தி அழைத்து வந்துவிட வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைக்கும். அதனால் சம்பந்தியம்மா ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷிதான். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து, மகள் படுக்கப்போகிற அறைக்குள் போய்ச் சுவரில் கை வைத்தார். விரலைப் பார்த்தார். பிறகு அந்த விரலைத் தன் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மைனி, தப்பா நினைக்காதிய. மூச்சு எளைக்கிற பிள்ளைய இந்தச் சுவத்துக்குள்ள கொண்டாந்து போடணுமா? பேறுகாலத்தை நாங்களே பாத்துக்கிடுதோம்."

நான் அவர் குடித்த தம்ளரை எடுத்தேன். அவரே சற்று இரங்கி, வளைகாப்புக்குள் சுவரைச் சரி பண்ணினால் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே பிள்ளை. அவளுடைய முதல் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டும், குளிக்க வார்க்க வேண்டும். அச்சன்புதூருக்குப் போய் விருந்தாள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர என்னால் முடியாது. அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் அன்றைக்கே முன்வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்கார அக்கா, அண்ணாச்சியின் மனைவி, பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கொத்தெல்லாம் ஆய்ந்து முடித்தோம். கடைசியில், எங்கள் செலவிலேயே அடித்துக்கொள்கிறோம், ஒரே ஒரு அறை என்றேன்.

"ஏட்டி, அவிய போயி வருசம் திரும்பல. இன்னும் ரெண்டு மாசம் பொறுக்க மாட்டியா?"

பிள்ளை பொறுக்காதே என்று சொல்லியிருக்கலாம். நான் சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கேரளாவுக்குச் சரக்கு கொண்டுபோய்விட்டுப் புளியறை வழியாகத் திரும்பினால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அவரிடம் சொன்னேன். அவருக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது. நேராக முன்வாசலில் போய் நின்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் அக்கா, வாடகைக்கு இருப்பவர்களை அடிக்க விட்டால் நாளைக்கு வீடே தங்களுடையது என்பார்கள் என்று அவருடைய சொந்தக்காரர்கள் சொல்வதாகச் சொன்னார். இவர் சிரித்துவிட்டார்.

"எக்கா, வீட்டை எழுதி வாங்கணும்னா இவ்வளவு நாளு உங்க மஞ்சளையா பாத்துக்கிட்டு இருப்பேன்? அந்தச் சுவத்தை இனாமாக் குடுத்தாலும் எனக்கு வேண்டாம். பிள்ளை வந்து படுக்கணும், அவ்வளவுதான்."

அக்கா அடிக்கச் சம்மதித்தார். அப்புறம் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். உள் அறை மட்டும். வெளிப்பக்கம் தூரிகை படக்கூடாது. வெள்ளை வேண்டாம், மஞ்சள் வேண்டாம், இரண்டும் நல்ல நாளுக்கு அடிப்பது. வாசல் பக்கம் ஒரு சொட்டு விழக்கூடாது. ஊர் கண்ணில் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்க வேண்டும்.

மஞ்சளும் வெள்ளையும் போனால் எனக்குப் பச்சைதான். தென்காசியில் பெயிண்ட் கடையில் நிறங்கள் ஒட்டிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதில் பச்சையே ஒரு பக்கம் முழுக்க இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுவருக்கு நான் நிறம் எடுக்கிறேன். அட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வாழைக் குருத்து மாதிரி இருந்த ஒன்றைக் காட்டினேன்.

சாரலில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. "ஃபேன் போட்டா காஞ்சிரும்" என்றார் என் வீட்டுக்காரர். பூசணத்தைச் சுரண்டி, துணியால் துடைத்து, சிரட்டையை எரித்த கங்குகளை இரும்புச் சட்டியில் போட்டு அறை நடுவில் வைத்தோம். சுவர் சூடானது. சூடானதும் உள்ளே ஊறிக் கிடந்த தண்ணீர் எல்லாம் வெளியே வந்து வேர்த்தது. திரும்பத் துடைத்தோம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் அவர் மேலே அடித்தார், நான் கீழே அடித்தேன்.

இரண்டாம் நாள் அடித்துக்கொண்டிருக்கும்போது முன்வீட்டுக்கு அண்ணாச்சியின் தங்கை வந்திருந்தார். மாதா மாதம் அண்ணன் இறந்த திதிக்கு வருகிறவர். வந்ததுமே பெயிண்ட் வாடையைப் பிடித்துவிட்டார்.

"எங்க அண்ணன் போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள வீட்டை மினுக்குதியளாக்கும். அடுத்து என்ன, சீரியல் லைட்டா?"

நான் தூரிகையைப் பிடித்தபடி நின்றேன். அக்கா எங்களைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பின்வீட்டுக்காரர்கள் கேட்காமல் அடித்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்கா தப்பித்திருக்கலாம்.

"பின்வீட்டுல ஒரு ரூம்புதான். நாந்தான் அடிக்கச் சொன்னேன். வாயும் வயிறுமா பிள்ளை வருது" என்றார் அக்கா.

அதற்கு நாத்தனார் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அக்கா அவர் தட்டில் சோறு போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா அன்றைக்கு எங்கள் பக்கம் வரவில்லை.  அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மிச்சச் சுவரை அடித்து முடித்தேன்.

வளைகாப்பு அச்சன்புதூரில் நன்றாக நடந்தது. ஐந்து வகை சாதம் கிளறிக்கொண்டு போனோம். பச்சை அடித்திருப்பதாக மகளிடம் சொன்னபோது, "ஒருவழியா அடிச்சிட்டியாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாவும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. சாயங்காலம் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அறைக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. ஃபேன் இரவும் பகலும் ஓடியும் பிரயோஜனமில்லை. மேற்குச் சுவரில் பச்சை அங்கங்கே கொப்புளம் கட்டியிருந்தது. ஒன்றைத் தொட்டேன், பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே தண்ணீர். மகள் நன்றாக இருக்கிறது என்றாள். நல்ல நிறம் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமினாள். கூடத்துக்கு வந்தும் இருமல் நிற்கவில்லை. வாயில் மருந்து அடித்துக்கொண்டு, வளையல் அடுக்கிய கையால் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பதும், சாரல் உள்ளே வந்ததும் சாத்துவதுமாக நடந்துகொண்டிருந்தார்.

பின்வாசலில் அக்கா வந்து நின்றார். இருமல் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

"பிள்ளைய அங்கன வந்து படுக்கச் சொல்லு" என்றார்.

அங்கன என்றால் முன்வீட்டு உள் அறை. அண்ணாச்சி இறந்த அறை. அவர் படம் மாட்டி, கீழே விளக்கு எரிகிற அறை. பிள்ளைத்தாய்ச்சியை வருஷம் திரும்பாத துக்க வீட்டில் யாரும் படுக்கவைக்க மாட்டார்கள். வாசல்படி மிதிக்கவே விடமாட்டார்கள். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் ஒருமாதிரி ஆனது.

"அவிய செத்த வீடுதான், இல்லைங்கல. ஆனா காஞ்ச வீடு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் மகள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"மாமா ரூம்புதானம்மா. நான் அங்கன உக்காந்துதான வீட்டுப்பாடம் எழுதுவேன்" என்றாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நான் பின்னாலேயே போய்க் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். அந்தச் சுவர்களிலும் பழைய மஞ்சள்தான், அங்கங்கே அழுக்கேறி. ஆனால் தொட்டால் கை காய்ந்தபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் மகளுக்கு மூச்சு சீரானது. அக்கா விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கடையில் பேசிய அந்த இரண்டு பேரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? உள்ளே இருந்து மூச்சு விடுகிறவர்கள் உள்சுவருக்கு அடித்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர்கள் அதை விட வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். பச்சை அடித்ததற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் அடுத்தவர் சுவரில் அவர்கள் வீட்டுத் துக்கமும் சேர்ந்தே இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிக்க முடியாது. இதை நின்றுகொண்டு சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர்களும் அதற்குள் சிப்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முன்வீட்டில் படுத்த அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் சம்பந்தியம்மா போனில் விசாரித்தார். எங்கே படுத்தாய் என்று கேட்டதற்கு மகள் உள்ளதைச் சொன்னாள். மதியத்துக்குள் கார் எடுத்துக்கொண்டு வந்து அவளை அச்சன்புதூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அக்கா வெளியே வரவில்லை. கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று போன் வந்தது, போனேன். சுவர் காயவில்லை.