ஒரு படத்துக்குப் பதினோரு நிமிடம்

எங்கள் எக்ஸ்ரே மையத்தில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர் வைத்தது நான்தான். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? டாக்டர் சொல்லும் ரிப்போர்ட்டையும் முதலாளியின் கடிதங்களையும் டைப் அடிக்கிறவள் நான். என் மேஜை அக்காவின் அறைக் கதவை ஒட்டியே இருக்கிறது.

யாரையும் அவர் சும்மா நிறுத்திப் படம் எடுத்ததில்லை. செயின், ஊக்கு, சட்டைப் பையில் இருக்கிற சாவி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார், ஏன் என்றும் சொல்வார். "நெஞ்சை ஒட்டி நிக்கிற பலகை சில்லுனு இருக்கும், வலிக்காது. நான் சுவத்துக்குப் பின்னாடி போவேன். ஓடிட்டேன்னு நினைக்காதீங்க, கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்." பெண்கள் வந்தால் கூட வந்த மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான், வயிற்றில் குழந்தை இருக்க வாய்ப்புண்டா என்று கேட்பார். மாமியார்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அக்கா கண்டுகொள்ள மாட்டார்.

போன மாதம் முதலாளி, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று உத்தரவு போட்டார். விளக்கமெல்லாம் சுவரில் ஒட்டியாகிவிட்டது, இனி ஒரு தடவை தாமதமானாலும் வேலை இல்லை என்று அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்கா வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருத்தர்தான்.

அந்த வாரமே ஒரு தச்சர் மகளோடு வந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் முந்தின வாரம் இங்கேயே, வேறு ஷிப்டில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துத் தெரிந்தது. நோய் இருக்கலாம் என்று ரிப்போர்ட் டைப் அடித்தவளும் நான்தான். அன்று சாயங்காலத்துக்குள் நல்ல படம் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மூச்சை இழுக்கச் சொன்னது அப்பாவுக்குத் தெரிஞ்சுதா?" என்று அக்கா மகளிடம் கேட்டார்.

"எங்கக்கா? பலகையைப் பார்த்துத் திரும்பி நிக்க வெச்சிட்டாங்க. என்னையும் உள்ளே விடல. எப்ப எடுத்தாங்கன்னே அவருக்குத் தெரியாது."

"நெஞ்சு பாதிகூட விரிஞ்சிருக்காது. வெளுத்துத் தெரியாம என்ன செய்யும்?"

திரும்பி நிற்பவருக்குச் சைகை காட்டினாலும் தெரியாது. அக்கா ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: அறை விளக்கு அணைந்தால் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், எரிந்தால் விடலாம். ஒத்திகை ஆரம்பமானது. முதல் தடவை தச்சர் கன்னத்தைத்தான் உப்பினார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா அவர் கையை எடுத்து அவர் விலாவிலேயே வைத்து, விரிய வேண்டிய இடம் இது என்று காட்டினார். நாலாவது தடவைதான் சரியாக வந்தது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "என்ன நாடகம் நடக்குது இங்க?"

"கதிர் படும், தள்ளி நில்லுங்க சார்" என்று கதவைச் சாத்தினார் அக்கா.

பதினோரு நிமிடம். படம் வந்தது. இரண்டு நுரையீரலும் அடிவரை கறுப்பாக, தெளிவாக இருந்தன. டாக்டர் பார்த்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். முந்தின வாரமே இவரை இப்படி எடுத்திருந்தால் எவ்வளவு வேதனை மிச்சமாகியிருக்கும்!

தச்சரும் மகளும் போனதும் முதலாளி கத்தினார். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "வருவேன் சார். வேணாம்னா எழுதிக் கொடுங்க. நோயாளிக்கு விவரம் சொன்னதுக்காக நிறுத்துறோம்னு தெளிவா எழுதி, கீழே உங்க கையெழுத்தைப் போடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

முதலாளி என் மேஜைக்கு வந்து, "ஒரு லெட்டர் அடிம்மா" என்றார்.

"அடிக்க மாட்டேன் சார்" என்றேன்.