சிவப்புச் சமவெளி

மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் தர்ஷினியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒஸ்லோவில் நான் தங்கியிருப்பது அவள் வீட்டில்தான். பாலைவன மண்ணை ஆராய்கிறவள். போன வாரம்தான் ஜோர்தானிலிருந்து திரும்பியிருக்கிறாள். அங்கே குழி தோண்டிப் பார்த்த நிலத்தின் வரைபடம் அவள் மடிக்கணினியில் இருக்கிறது. பயிருக்கு ஆகும் மண் பச்சை, ஆகாதது சிவப்பு. நடுவிலுள்ள சமவெளி முழுக்கச் சிவப்பு. வரைபடத்தில் அதைப் பச்சையாக்கித் தந்தால்தான் அடுத்த வேலை என்கிறதாம், ஆடு மேய்ப்பவர்களை அங்கே குடியேற்றிப் பயிர் செய்யவைக்கப்போகும் நிறுவனம்; அவளை அமர்த்தியதும் அதுதான்.

"நீ எடுத்த போட்டோவில் மண் நல்லாத்தானே இருக்கு?" என்கிறேன்.

"ஓம் அக்கா, மேலாலை வடிவாத்தான் இருக்கு. கீழை முழுக்க ஜிப்சம். தண்ணி பாய்ச்சினா அது கரைஞ்சு நிலமே உள்ளுக்கை இறங்கும். ஆடுகளை வித்துப்போட்டு அங்கை குடியேற வாற சனம் பிறகு எங்கை போறது?"

சொல்லிக்கொண்டே, ஒரு நிறத்தையும் மாற்றாமல் வரைபடத்தை அனுப்பிவிடுகிறாள். இப்படி ஒருத்தி தங்களுக்காக வேலையை விட்டுக்கொடுத்தது அந்தச் சனத்துக்குத் தெரியவே போவதில்லை.

கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள். தர்ஷினி எழுந்திருக்கவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் இன்னும் எந்த நிறமும் இடாத ஓர் ஓடைக்கரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.

"அக்கா, இந்தப் பக்கம் ஒருத்தரும் இன்னும் தோண்டிப் பார்க்கேல்லை."