எடைக்காரர் வீட்டு விருந்து

பொள்ளாச்சிக் கொப்பரைக் களத்தில் எடை போட்டவர் அவர். படிக்கல் தட்டைத் தடித்த விரலால் அழுத்தி, எடைக்கு இவ்வளவென்று வாங்கும் எங்கள் கூலியைப் பல வருசம் குறைத்தவர். மனம் திரும்பியபின் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். எடை போடும்போது இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். அப்படியும் கோயிலில் அவர் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சபையாரை விருந்துக்கு அழைத்தார். நான் கிளம்பினேன்.

"ஏனக்கா, திருடன் ஊட்டுச் சோறா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வரி வாங்கி ஊரை ஏமாத்துன சகேயு ஊட்டுக்கு இயேசுசாமி உன்னையக் கேட்டுட்டா போனாரு?" என்றேன்.

பந்தியில் நான் ஒருத்திதான்.

"வேற யாரும் வரலீங்களாக்கா?"

"நா வந்தது கண்ணுக்குத் தெரியலீங்களா? சோத்தப் போடுங்க."

குவித்துப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றார்.

"கையை இறக்குங்க. நீங்களும் உக்காருங்க."

கையை இறக்கினார். உட்காரத்தான் இல்லை. ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.