பட்டியலில் உயிரோடிருந்த அப்பா

சிகாமட் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர நிதி ஒன்று இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், எல்லார் கையிலும் சம்பளம் இருக்கும்போது, அதற்கு நன்கொடை கேட்டு வருவார்கள். பத்து வெள்ளி கொடுத்தால் மூன்று லாபம்: பள்ளிச் சுவரில் பெயர், கூட்டத்தில் நாற்காலி, அந்த வருஷத்து வட்டியை எதற்குச் செலவழிப்பது என்பதில் ஒரு வாக்கு. பிள்ளைகள் படிப்பார்கள் என்பதும் லாபம்தான். வசூலுக்கு வந்தவர்கள் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது வாக்கு. சிங்கப்பூரில் தாதி வேலை பழகிவிட்டு வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரே மாதத்தில் ஐந்து பள்ளிச் சிறுமிகள் நீர்க்கடுப்போடு வந்தார்கள். விசாரித்து எழுதிக்கொண்டேன். ஐவரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. மதியம்வரை அடக்கிக்கொள்கிறார்கள். பள்ளியில் கக்கூஸ் இல்லை. பையன்களுக்கு ரப்பர் மரங்கள் இருந்தன. ஐவரில் இருவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

நிதியின் தலைவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி. பணத்தை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"யார் பேர்ல போடட்டும்?"

"என் பேர்லதாங்க."

"பொம்பள பேரு சுவத்துல ஏறினா நல்லாவா இருக்கும்? வீட்டுக்காரரும் இல்ல. அப்பா பேர்ல போட்டுடுறேம்மா."

போட்டுவிட்டார். அப்பா இறந்து நான்கு வருஷமாகியிருந்தது. இரங்கல் கூட்டத்தில் எல்லாரையும்விட நீளமாகப் பேசியவரும் இவர்தான்.

தீபாவளி கழிந்த ஞாயிறு கூட்டம். ஆறு ஆண்கள், ஒரு தட்டு முறுக்கு, நான். பள்ளி வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த வளைவு ஒன்று கட்ட வேண்டும் என்றார் தலைவர். மூன்று பேர் கை தூக்கினார்கள். மற்ற மூவர் தூக்கவில்லை. வளைவில் தங்கள் பெயர் தலைவர் பெயருக்குக் கீழே வரும்.

"பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டுங்க," என்றேன்.

"அலமாக்! பண்டிகை நேரத்துல அந்தச் சொல்லையா சொல்றது?" என்று மளிகைக்கடைக்காரர் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார்.

தலைவர் சிரித்தார். "வாக்கு உனக்கில்ல தாயி. உங்கப்பாவுக்கு."

"உறுப்பினர் வர முடியலைன்னா ஆள் அனுப்பலாம்னு நீங்களே விதி எழுதியிருக்கீங்க. அப்பா என்னை அனுப்பியிருக்காங்க."

"அவரு போயி நாலு வருஷமாச்சே!"

"போன வாரம் பத்து வெள்ளி கொடுத்ததா உங்க பட்டியல் சொல்லுதுங்களே."

தலைவருக்கு இரண்டு வழி இருந்தது. பெயரை அடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது அப்பாவை உயிரோடு வைத்திருப்பது. அந்த நிதியிலிருந்து பணம் யாருக்கும் திரும்பிப் போனதில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார்.

வளைவு வேண்டாமென்ற மூவரும் உடனே என் பக்கம் வந்தார்கள். கக்கூஸ் சுவரில் யார் பெயரும் யார் பெயருக்கும் மேலே வராது என்று அவர்களில் ஒருவரான மளிகைக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. நாலுக்கு மூன்று. தீர்மானப் புத்தகத்தில் மட்டும் 'மறைவான கட்டடம்' என்று எழுதினார்கள்.

தை மாதம் கட்டி முடித்தார்கள். நின்றுபோன இருவரில் ஒருத்தி பள்ளிக்குத் திரும்பி வந்தாள். மற்றவளைக் கூட்டிவர வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவளை ரப்பர் பால் எடுக்கும் வேலைக்கு, பால்மரம் வெட்ட அனுப்பியிருந்தார்கள்.