கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

அந்த ஓட்டுநருக்கு ஊர் வைத்த பெயர் கடிகாரம். பேருந்து ஓட்டிய காலம் முழுக்க யாருக்காகவும் வண்டியை நிறுத்தி வைத்தவர் இல்லை. பெண்டாட்டி ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தும் வண்டியை எடுத்த மகராசன்! அந்த அம்மாள் இன்றைக்கும் அதை மறக்கவில்லை, அவரை மறக்கவும் விடவில்லை.

வண்டி போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் மரங்கள் விழுங்கிய ஒரு பழங்காலக் கோவில். ஆயுசெல்லாம் அங்கே ஆட்களை இறக்கிவிட்டவர், உள்ளே மட்டும் போனதே இல்லை. ஓய்வு பெற்றபின் ஆற அமரப் பார்க்கலாம் என்றிருந்தார். ஓய்வு வந்த கையோடு பாழாய்ப்போன வாதமும் வந்து வலது காலை முடக்கியது.

அதன்பின் கட்டில், நாற்காலி, குளியலறை, அவ்வளவுதான் உலகம். எழுப்பி உட்கார வைப்பதும் மனைவி, குளிப்பாட்டுவதும் மனைவி. காலைவிட அதுதான் அவருக்கு வலித்தது. ஒரு நாள் சட்டையைத் தானே மாட்டி, பொத்தானை ஏறுக்குமாறாகப் போட்டுக்கொண்டு, கோவிலுக்குள் என் காலால் போய் வரப்போகிறேன் என்று நின்றார். அவள் கத்திப் பார்த்தாள், மகனுக்குப் போன் போட்டு மிரட்டிப் பார்த்தாள். பிடித்த பிடியை விடவில்லை மனிதர். கடைசியில் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டியை இப்போது ஓட்டுபவன் அவரிடம் நடத்துநராக இருந்தவன். இறக்கிவிடும்போதே, திரும்பிப் போக இன்றைக்கு இதுதான் கடைசி வண்டி என்று சொல்லியிருந்தான்.

உள்ளே சுவர் எது வேர் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேர் தள்ளிய தளக்கற்கள் தூக்கிக்கொண்டு நின்றன. மனைவி நீட்டிய தோளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தடியை ஊன்றி ஊன்றி நடந்தார். கருவறை வாசலில் இடுப்பு உயரத்தில் ஒரு வேர் குறுக்கே கிடந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். அவருக்கோ குனிய வராது. அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் அடித்தது.

"வாங்க, போயிடலாம். இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு" என்றாள்.

"பாதியில திரும்பினா நான் மறுபடி கட்டில்லதான் போய் விழுவேன். அவன் போகட்டும்."

வண்டி போயேவிட்டது. ஒரு நிமிடம் பொறுத்தால் குடியா முழுகிவிடும் என்று அவனைத் திட்டித் தீர்த்தாள். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை முறைத்துக்கொண்டேதான் திட்டினாள்.

அவர் தடியை உள்ளே வீசினார். தரையில் உட்கார்ந்து, தவழும் குழந்தைபோல வேருக்கு அடியில் நகர்ந்தார். சட்டை கிழிந்தது, முழங்கை சிராய்த்தது. உதவிக்கு வந்த அவள் கையை, தொடாதே என்று விலக்கினார்.

"உள்ள என்ன இருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"ஒரு மரம். மேல வானம். வேற ஒண்ணுமில்ல."

இதற்கா இத்தனை பாடு என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே அவர் மரத்தைப் பிடித்து எழப் பார்த்தார், சரிந்து விழுந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுந்து நின்றார். அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார்.

சத்தம் கேட்டுப் பதறி அவளும் குனிந்து நுழைந்தாள். வேருக்கு அடியில் மூட்டு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் தவித்தாள். அவர் ஒரு கையால் மரத்தைப் பற்றிக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோ. மெதுவா எழுந்திரு."

அவர் மனம் நோகக்கூடாதென்று பிடிப்பதுபோல் பாசாங்கு செய்யவில்லை அவள். பாரத்தை முழுக்க அந்தக் கையில் போட்டுத்தான் எழுந்தாள்.