றெஜினாவின் பக்கத்துக் கல்லறைகள்

எண்பத்தாறில் கனடாவின் மொன்றியலுக்கு வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்த பத்திநாதருக்கு, ஜேர்மனியிலுள்ள ஒரு சின்ன ஊரின் பெரிய மனிசர் எல்லாரையும் தெரியும். எல்லாரும் செத்தவர்கள். கோயில் மணி வார்த்த யோகான், காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த ஒட்டோ, பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்த சீமாட்டி அடெல்ஹைட். ஒட்டோவுக்கும் அடெல்ஹைட்டுக்கும் நடுவில்தான் அவருடைய மகள் றெஜினா கிடந்தாள்.

திருகோணமலையிலிருந்து ஓடிப்போய் அந்த ஊர் அகதி விடுதியில் இருந்தபோது, காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. சேமக்காலையில் புதைக்க வேறு இடமில்லையென்று பெரிய மனிசரின் வரிசையில் ஒரு துண்டு நிலம் குடுத்தார்கள். ஞாயிறு தவறாமல் பத்திநாதரும் மனைவி மாக்கிரட்டும் போய்ப் புல்லுப் பிடுங்குவார்கள். பிள்ளைக்கு மட்டும் பிடுங்கிவிட்டு அயலாரை விடலாமா? அவர்களின் கல்லையும் துடைத்துவிடுவார்கள். பெயர்கள் அப்படித்தான் பாடமாயின.

கனடாவுக்கு ஏற்றிவிட்டவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஜேர்மனியில் இருந்தது தெரிந்தால் திருப்பி அங்கேயே அனுப்புவார்களாம். அகதி வழக்கு முடியும்வரை மூச்சு விடக் கூடாதாம். ஜேர்மனி இல்லையென்றால் றெஜினாவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளை இல்லையென்று சொன்னார்கள். பாழாய்ப்போன வாய், அதையும் பழகிக்கொண்டது! மேல்வீட்டு யோசெப்பின் பாவம் பார்த்து, பிள்ளை வரம் கேட்டு நேர்த்தி வைக்கச் சொல்லி மாக்கிரட்டை அரிப்பாள். மாக்கிரட் தலையை ஆட்டிவிட்டு வந்து குசினிக்குள் நின்று அழுவாள்.

கார்த்திகையில் மரித்தவர்களின் திருநாள் வந்தது. அவரவர் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரைக் குடுத்தால் பங்குச் சுவாமி பூசையில் வாசிப்பார். மகளின் பெயரைக் குடுத்தால் சனம் துருவித் துருவிக் கேட்குமென்று மாக்கிரட் கையெடுத்துக் கும்பிட்டாள். பத்திநாதருக்கு மனம் கேட்கவில்லை. மனைவிக்குச் சொல்லாமல், பக்கத்துக் கல்லறைக்காரரின் பெயர்களைக் குடுத்துவிட்டு வந்தார். அவர்களுக்குச் சொல்லும் செபத்தில் பிள்ளைக்கும் கொஞ்சம் சிந்தாதா?

சுவாமி வாசித்தார். யோகான். ஒட்டோ. சனம் திரும்பிப் பார்த்தது. ஆர் வீட்டு வெள்ளைக்காரரென்று யோசெப்பின் வாய்க்குள் சிரித்தாள். அடுத்த பெயருக்குச் சுவாமி கண்ணாடியைச் சரிசெய்த இடைவெளியில், மாக்கிரட் எழும்பி நின்றாள்.

"றெஜினா," என்றாள். "என்ட பிள்ளை."

வழக்கு போனால் போகட்டுமென்று பத்திநாதரும் எழும்பி அவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் வாசலில் யோசெப்பின் வந்து நின்றாள். அவளுக்கு மாக்கிரட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைக்கு எத்தினை வயதென்று மெல்லக் கேட்டாள்.

"மூண்டு," என்றாள் மாக்கிரட். கனடாவுக்கு வந்த பிறகு மகளைப் பற்றி அவளிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தரம்.