மாமாவின் காருக்கு ஒரு தோல் தொப்பி

சைக்கிள் பம்பின் கைப்பிடி கழன்று என் கையோடு வந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கம்பியின் நுனியில் கிண்ணம்போல் வளைந்த சின்னத் தோல் ஒன்று, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. அதன் விளிம்பை விரலால் அமுக்கினேன், விட்டதும் விரிந்தது. இவ்வளவுதானா! இத்தனை நாளும் காற்றைப் பிடித்து வைத்திருந்தது இந்தத் துண்டுத் தோலா? காற்றையே நிறுத்துகிற தோலுக்கு எண்ணெய் எம்மாத்திரம்? பம்பை முற்றத்தில் அப்படியே போட்டுவிட்டு மாமாவின் காருக்கு அடியில் புகுந்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வாப்பா கடை நிமித்தம் குருநாகலில் இருந்தார். உம்மாவின் தம்பியான மாமாதான் உம்மா, என் அக்காளான ராத்தா, நான் ஆகிய எங்களோடு அலவத்துகொடயில் இருந்தார். அவரோடு அவருடைய காரும் இருந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த அந்தக் கார், கண்டிக்கும் எங்கள் ஊருக்கும் இடையே வாடகைக்கு ஓடியது. ஓடிய வழியெல்லாம் எண்ணெய் சொட்டியது. மாமா எங்கே போனார் என்று யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. ரோட்டைப் பார்த்தால் போதும்.

ஒழுகியது ஸ்டியரிங் பெட்டி. நாம் ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பினால் அந்தத் திருப்பத்தை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பற்கள் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவை எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டும். வற்றினால் ஸ்டியரிங் கட்டையாக இறுகிவிடும். கண்டி கராஜில் கேட்டதற்கு, பெட்டியையே சீமையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா சொந்த வைத்தியத்தில் இறங்கினார். முதலில் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினார். மழை பெய்தது; கார் வாயில் நுரை தள்ளிய மாடு மாதிரி வீட்டுக்கு வந்து நின்றது. அடுத்ததாகப் பலாப்பாலைச் சேர்த்துக் கொண்டுவந்தார். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா.

“தம்பி, பலாக்கா வெட்டக்குள்ள நாங்க என்னத்துக்குக் கையில எண்ண பூசுற? பால் ஒட்டாம ஈக்கத்தானே? நீங்க எண்ண ஒழுகுற எடத்துலயே கொண்டுபோய் அப்புறீங்களே!”

“அது தேங்காயெண்ண, ராத்தா. இது காருக்கு ஊத்துற எண்ண,” என்றார் மாமா தன் அக்காளிடம்.

இரண்டும் எண்ணெய்தான் என்பதைக் கார் அன்று மாலையே காட்டித் தந்தது. பலாப்பால் இளகி வழிந்து கால் வைக்கிற பலகையில் பரவியது. மாமா இறங்கினார், செருப்பு இறங்கவில்லை.

அதுவரை எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் அக்குறணைப் பக்கத்து வளைவொன்றில் ஸ்டியரிங் திரும்ப மறுத்து, கார் நேரே வயலுக்குள் போனது. யாருக்கும் அடியில்லை, சேறு மட்டுந்தான். மாமா அதையும் ஒரு கதையாகச் சொல்லிச் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

“கார வித்திடுங்க. இல்லாட்டி இந்த ஊட்டுல சோறு திங்க வரவேணா.”

மாமா தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தார். மாத்தளையிலிருந்து ஒரு ஹாஜியார் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டி இருந்தது, பூனை இருந்தது. எனக்கு அந்தக் கார்தான். அதன் ஒவ்வொரு ஆணியும் எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆகவே காருக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் பம்பைத் திரும்பப் பூட்டி எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். “மாமா, இதுட வாயில வெரல வெச்சி அமத்திப் புடிங்க.” ஓங்கி ஒரே அமுக்கு, மாமாவின் விரல் தெறித்தது.

“காத்துக்கே பின்னால போக ஏலாது. எண்ண எப்பிடிப் போகும்?”

மாமா விரலைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தோலுக்கு எங்க போற?” என்றார். நான் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். சாரத்துக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட், நல்ல தடித்த தோல். அவரே கழற்றி அதன் வாலில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். “இனி நான் ரெண்டு கவளம் கொறச்சித்தான் திங்கோணும்.”

தோலைத் தண்ணீரில் ஊறவைத்தேன். உம்மா பாக்கு இடிக்கிற சின்ன உரலின் வாயில் விரித்து, உலக்கையால் உள்ளே அழுத்தி, மேலே கல்லை வைத்துக் காயவிட்டேன். சின்னத் தொப்பி மாதிரி வந்தது. பெட்டியின் தண்டு நுழைவதற்காக அதன் உச்சியை வெட்டி, இறைச்சிக் கடையில் வாங்கிய மாட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றி ஊறவைத்தேன். உம்மா வெற்றிலைக்கு உரலைத் தேடிக்கொண்டிருந்தா.

எண்ணெய் ஒழுகியது பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டைச் சுற்றித்தான்; அந்தத் தண்டில் ஓர் இரும்புக் கை மாட்டியிருந்தது. கழற்றுவதற்கு முன்னால் அது நின்ற இடத்தை ஆணியால் கீறி வைத்தேன். தவறி மாட்டினால் கார் நேரே போக நினைத்து வயலைத் தேடும். மாமா சுத்தியலால் தட்டிக் கழற்றினார். என் கைதான் உள்ளே நுழைந்தது. தோலைச் செருகி, பிஸ்கட் டின்னில் வெட்டிய தகட்டால் இறுக்கி, எண்ணெய் ஊற்றி, கீழே வாழையிலையை விரித்தோம்.

சொட்டு. இன்னொரு சொட்டு.

மாமா எழுந்து கைகழுவப் போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பம்பை மறுபடி பிரித்தேன். தோலின் விளிம்பு காற்று இருக்கிற பக்கத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறது! காற்று அமுக்க அமுக்க விளிம்பு இன்னும் இறுகுகிறது. நானோ ரோட்டைப் பார்க்க வைத்திருக்கிறேன். “மாமா, தொப்பியத் தலகீழாப் போட்டிட்டேன்!” என்று கத்தினேன். திரும்பவும் கழற்றி, எண்ணெயைப் பார்க்க வைத்துப் பூட்டினோம். வாழையிலை காய்ந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் வந்தார். காரை மாமாவோடு அந்த வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இலைக்கு மேல் நிறுத்தச் சொல்லி, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒழுகுதெண்டாங்களே? ஒரு சொட்டும் இல்லியே! பேசின வெலைக்கு மேலேயே தாறன். இப்பவே கொண்டு போறன்.”

காரை நான் ஹாஜியாருக்கல்லவா திருத்திக் கொடுத்திருக்கிறேன்! அக்காளுக்குக் கொடுத்த வாக்குக்காக மாமா சாவியை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டார். அப்போது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“தம்பி, ஹாஜியாருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்க. கார் விக்கிறதில்ல.”

“ராத்தா, நீங்கதானே...”

“நான் விக்கச் சொன்னது ஒழுகுற கார.”

நான் முற்றத்தில் குதித்த குதியில் கோழிகள் வேலி தாண்டின. தேத்தண்ணீர் குடிக்கும்போது ஹாஜியார், “எந்த பாஸ் செஞ்ச?” என்று, திருத்திய மெக்கானிக்கின் பெயரைக் கேட்டார். மாமா என்னைக் காட்டினார். ஹாஜியார் என் எண்ணெய்க் கையைப் பார்த்துவிட்டு மீதித் தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

பின்னேரம் மாமா எங்களை ஏற்றிக்கொண்டு கண்டி ரோட்டில் போனார். பின் ஆசனத்தைச் சுற்றிச் சேலைத் திரை கட்டியிருந்தது. அதற்குள் உம்மாவும், பெரியபிள்ளையானதும் போன வருஷம் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டோடு இருந்த என் ராத்தாவும் இருந்தார்கள். நான் முன்னால், காற்றில். அந்த வளைவு வந்தது. மாமா ஒற்றைக் கையால் திருப்பினார். கார் சொன்ன சொல் கேட்டது.

“மாமா, அடுத்தது நான் ஓட்டுவன். மிதிக்கிற எடத்துல ரெண்டு கட்டை கட்டினா எனக்குக் கால் எட்டும்.”

“ஓட்டுங்க மகள். நான் பின்னால இருந்து வெத்தில போடுறன்.” மாமா வளைவு முடியும்வரை சிரித்தார்.

திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, காற்றில் நழுவிய என் முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டது.

“கத்துக்கிறதெண்டா கெதியாக் கத்துக்கோங்க மகள்,” என்றா உம்மா. ராத்தா திரையின் இடுக்கால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. மாமா மனம் மாறிவிடுவார் என்று உம்மா பயப்படுகிறா போலும் என்று நினைத்துக்கொண்டேன். மிதியில் கட்டப் பலாக்கட்டை கனம், முருங்கை நொறுங்கிவிடும், கித்துள் மரந்தான் சரி. காலையில் முதல் வேலையாக இரண்டு துண்டு அறுத்துவிட வேண்டும்.